பொது அளவும் தனிப் பாதமும்: பனிச்சறுக்குப் பயணம் எழுப்பும் ஓர் அறவினா

வெவ்வேறு உடலும் வெவ்வேறு வலிமையும் கொண்ட பலர் சேர்ந்து ஒரே காரியத்தில் இறங்கும்போது அவர்களுக்குப் பொதுவான அளவு எது, அதை வகுக்கும் உரிமை யாருக்கு என்பது அறவியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நீதி கேட்கிறது. ஒவ்வொருவரின் நிலையையும் அறிந்து நடக்கவேண்டும் என்று அன்பு கேட்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்கக்கூடிய இடத்தை மெய்யியலாளரும் சமயச் சிந்தனையாளரும் நெடுங்காலமாகத் தேடிவந்திருக்கின்றனர். ஆல்ப்ஸ் மலைகளுக்குக் குழுவாகச் சென்று பனிச்சறுக்கில் ஈடுபடும் வழக்கம் வெறும் பொழுதுபோக்காகவே தோன்றினாலும், கடினமான பூட்ஸைக் காலுக்குப் பொருத்துவது, திறனிலும் வயதிலும் வருவாயிலும் வேறுபட்டவர்களை ஒரே பயணத்தில் இணைப்பது என்னும் அதன் இரண்டு நடைமுறைச் சிக்கல்களும் இக்கேள்வியை உடலாலேயே உணரும்படி முன்வைக்கின்றன. பொது அளவு என்பது மனிதர் ஒருவரோடொருவர் இணையும் இடத்துக்கு மட்டுமே உரியது, அதற்கு அப்பால் அளவு வகுக்கும் முதல் உரிமை வலியை உணர்பவரின் சொல்லுக்கே உண்டு என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பனிச்சறுக்குப் பூட்ஸ் இரு பகுதிகளால் ஆனது: வெளியே விறைப்பான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே பாதத்தைச் சூழும் நுரையாலான உள்ளுறை. அமெரிக்கரான பாப் லாங்கே 1960களில் பிளாஸ்டிக் ஓட்டை விற்பனைக்குக் கொண்டுவரும் வரை இந்த பூட்ஸ் தோலால் ஆனதாகவே இருந்தது. தோல் நாளடைவில் இளகி அணிபவரின் பாதத்துக்கு இடம்கொடுத்தது, பிளாஸ்டிக் அவ்வாறு இளகுவதில்லை. இளகாமை குறைபாடன்று, அதுவே அப்பொருளின் பயன். சறுக்குபவர் முழங்காலை மடக்கிக் கீழ்க்காலின் முன்புறத்தால் பூட்ஸின் நாக்குப் பகுதியை அழுத்தும்போது, அந்த அழுத்தம் சிதறாமல் சறுக்குப் பலகையின் விளிம்புக்குச் சென்று சேர்ந்தால்தான் பலகை திரும்பும். பாதத்துக்கும் ஓட்டுக்கும் இடையே தளர்வு இருந்தால், காலின் கட்டளை பலகையை அடையுமுன் பாதி வீணாகிவிடும். ஆகவே இங்கே வசதி என்பது தளர்வு அன்று. நகரவிடாமல் பிடித்திருந்தும் வலிக்காமலிருக்கும் ஒரு நிலையே வசதி எனப்படுகிறது.

இந்த பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும் மாண்டோபாயிண்ட் முறையில் தரப்படுகிறது, 26.5 என்னும் எண் 26.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதத்தைச் சுட்டும். ஆயினும் 26, 26.5 ஆகிய இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஓடுதான் பயன்படுகிறது, வேறுபாடு உள்ளுறையிலோ உள்ளடி அட்டையிலோ மட்டுமே இருக்கும். பாதத்தின் முன்பகுதி அகலம் 98, 100, 102 மில்லிமீட்டர் என வேறு எண்ணால் குறிக்கப்படுகிறது. ஓட்டின் விறைப்பைக் காட்டும் எண்ணுக்கோ எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்ற பொது அளவுகோலே இல்லாமையால், ஒரு நிறுவனத்தின் 100 மற்றொன்றின் 110க்கு நிகராக இருக்கக்கூடும். எண்கள் தேர்வுக்குரிய எல்லையைக் குறுக்க உதவுகின்றன. ஆனால் புறங்காலின் உயரத்தையும், கணுக்கால் எலும்பு புடைத்திருக்கும் இடத்தையும், கணுக்கால் எவ்வளவு மடங்கும் என்பதையும் அவை சொல்வதில்லை.

பூட்ஸ் வாங்குவோர் செய்யும் பிழைகளுள் தலையாயது பெரிய அளவைத் தேர்வதே. கடையில் நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்சுவரில் முட்டுவது அச்சமூட்ட, வாங்குபவர் ஓர் அளவு கூடுதலாகக் கேட்கிறார். அந்தத் தாராளம் அப்போதைக்கு இதமாக இருந்தாலும், மலைச்சரிவில் குதிகால் மேலெழும்பத் தொடங்கியதும் அவர் பக்கிள்களை மேலும் மேலும் இறுக்க நேர்ந்து, புறங்காலின் வழியாகச் செல்லும் இரத்தக்குழாய் அழுந்தி, பாதம் மரத்துக் குளிர்ந்து, உள்ளங்கால் பிடித்துக்கொள்கிறது. பெரிய பூட்ஸே அதிகம் வலிக்கிறது என்னும் இந்த முரண், உடனடி இதத்தையும் உண்மையான நன்மையையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்று அறவியல் சொல்லிவந்ததற்கு உடலே தரும் சான்றாகும். இதனால்தான் தேர்ந்த பூட் பொருத்துநர் முதலில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் பாதத்தை வைக்கச் செய்து, விரல்நுனி முன்சுவரைத் தொடும் நிலையில் குதிகாலுக்குப் பின்னே எவ்வளவு இடைவெளி உள்ளது என்று பார்க்கிறார். அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் அளவு சரி எனக் கொள்கிறார். பிறகு உள்ளுறையோடு அணிந்து முழங்காலை மடக்கினால், குதிகால் பின்னுக்குப் போய் அமர்ந்து, முட்டிய விரல்கள் சற்றே விடுபடும்; நின்ற நிலையில் குற்றமாகத் தோன்றியது இயங்கும் நிலையில் பொருத்தமாக மாறுவதை அணிபவர் அங்கேயே உணர்ந்துகொள்ளலாம்.

மெலிதான ஒற்றைக் காலுறை மட்டும் அணியச் செய்வதும், பாதத்தின் உள்வளைவுக்கேற்ற உள்ளடியை அமைப்பதும், உள்ளுறையைச் சூடாக்கிக் காலின்மேல் படியவைப்பதும் அடுத்தடுத்த படிகள். இவற்றுக்குப் பின்னும் சுண்டுவிரலின் அடிமூட்டிலோ கணுக்கால் எலும்பிலோ வலி எஞ்சினால், பொருத்துநர் அந்த இடத்தை அணிபவரின் விரலாலேயே தொட்டுக்காட்டச் சொல்லி, அடையாளமிட்டு, ஓட்டின் அந்தப் புள்ளியை மட்டும் சூடாக்கி வெளிப்புறமாகப் பிதுக்குகிறார், அல்லது உட்புறத்தைச் சில மில்லிமீட்டர் தேய்த்தெடுக்கிறார். கால் முழுவதும் பரவிய இறுக்கத்தை அவர் குறைப்பதில்லை, ஏனெனில் அது கட்டுப்பாட்டுக்குத் தேவையானது. ஒரே புள்ளியில் குவிந்த அழுத்தத்தையே அவர் தேடிப்பிடித்து நீக்குகிறார். எல்லா இடமும் சமமாகத் தாங்கும் இறுக்கம் வேறு, ஓரிடம் மட்டும் தாங்கும் அழுத்தம் வேறு என்னும் இந்தப் பாகுபாடு குழுவின் நீதிக்கும் அப்படியே பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

காலணியையும் பாதத்தையும் முன்வைத்து வாழ்வை ஆராய்ந்த சிந்தனையாளர் பழங்காலத்திலேயே இருந்தனர். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவரும், கால் ஊனமுற்றவர் என மரபு கூறுபவருமான ஸ்டோயிக் ஞானி எபிக்டெடஸ், பாதம் காலணிக்கு அளவாவதுபோல் உடலே உடைமைக்கு அளவு என்றும், அந்த அளவைக் கடந்து பொன்னையும் செந்நிறத்தையும் நாடத் தொடங்கினால் ஆசைக்கு முடிவே இராது என்றும் கையேடு எனப்படும் போதனைத் தொகுப்பில் போதித்தார். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாயான பௌத்தத் துறவி சாந்திதேவர் தம் போதிசரியாவதாரத்தில் இதே பொருளைக் கொண்டு வேறொரு முடிவுக்கு வந்தார்: முட்கள் நிறைந்த பூமி முழுவதையும் தோலால் மூட இயலாது, தன் பாதத்தை மட்டும் மூடிக்கொண்டால் போதும், அதுபோல உலகத்தைத் திருத்துவதைவிடத் தன் மனத்தைக் காத்துக்கொள்வதே வழி என்பது அவர் கருத்தின் சாரம். முன்னவர் தேவைக்கு எல்லை வகுக்கிறார். பின்னவர் உலகுக்கும் தனக்கும் இடையே எதை மாற்றுவது என்று ஆராய்கிறார். இருவரும் பாதத்தைக் கொடுக்கப்பட்ட உண்மையாகவும் காலணியை அதற்கு ஒத்துவரவேண்டிய பொருளாகவும் கொண்டிருப்பது கருதத்தக்கது; காலணிக்கேற்பப் பாதத்தை வெட்டச் சொன்ன ஞானி எவரும் இல்லை.

எனினும் இவ்விரு போதனைகளும் தன்னைத்தான் அறிந்த ஒருவரைப் பற்றியவை. பிறருடைய பாதத்தை அறிவது எப்படி என்னும் கேள்விக்கு ப்ளூட்டார்க் எழுதிய எமிலியஸ் பவுலஸின் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சியே நெருங்கி வருகிறது. மனைவியை விலக்கிய ரோமானியர் ஒருவரை நண்பர்கள் கடிந்து, அவளிடம் என்ன குறை கண்டாய் என்று கேட்டபோது, அவர் தம் காலணியை நீட்டி, பார்வைக்கு அழகாகவும் புதிதாகவும் உள்ள அது தம் காலில் எங்கே கடிக்கிறது என்பதை அவர்களுள் எவரும் அறியார் என்று விடையளித்தார். வெளியிலிருந்து மதிப்பிடுபவர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவருக்கு எட்டாத ஓர் அறிவு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஆனால் அந்த ரோமானியர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டால் வலி ஒருவருக்குள்ளேயே அடைபட்டதாகிவிடும். லுட்விக் விட்கன்ஸ்டைன், 1953இல் வெளியான தம் மெய்யியல் ஆய்வுகளில், வலியைக் குறிக்கும் சொற்கள் தனி மனத்துக்குள் பிறந்தவை அல்ல, மனிதர் கூடிவாழும் வாழ்விலேயே கற்கப்பட்டவை என்று காட்ட முயன்றார். பூட் பொருத்துநரின் பணி இவ்விரு உண்மைகளுக்கும் நடுவே நிகழ்கிறது: வலியை உணர்பவர் அணிபவரே, ஆனால் அது எலும்பிலா தசையிலா, நிற்கும்போதா மடங்கும்போதா, குத்தலா மரப்பா என்று கேட்டுக்கேட்டு அதை இருவருக்கும் பொதுவான அறிவாக்குபவர் பொருத்துநர்.

இங்கே சொல்பவருக்கும் ஒரு கடமை பிறக்கிறது. விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவித்து எலும்பு முறியாமல் காக்கும் பிணைப்பானின் இறுக்கம், ஐஎஸ்ஓ 11088 என்னும் பன்னாட்டு நெறிமுறைப்படி உடல் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம் ஆகிய அளக்கத்தக்கவற்றோடு, சறுக்குபவர் தம்மை நிதானமானவர், நடுத்தரமானவர், வேகமானவர் என மூவகையுள் எவ்வகையில் சேர்த்துச் சொல்கிறார் என்பதையும் கொண்டு கணிக்கப்படுகிறது. முதல் நான்கையும் கருவியும் ஆவணமும் சரிபார்த்துவிடலாம். ஐந்தாவதற்கு அவர் வாய்ச்சொல்லே ஆதாரம். நண்பர்கள் முன்னிலையில் தம்மை உயர்த்திச் சொல்பவருக்குப் பிணைப்பான் வேண்டியதைவிட இறுக்கமாக அமைந்து, விடுபடவேண்டிய கணத்தில் விடுபடாமல் போகக்கூடும். வாய்மை என்பது பிறருக்குச் செய்யும் கடமை மட்டுமன்று, தன் உடலுக்குத் தான் ஆற்றும் கடமையும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

குளிர்கால ஆல்ப்ஸுக்கான குழுப் பயண வரலாற்றின் ஒரு முக்கியக் கிளை ஒரு சமயக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. மருத்துவரும் மெதடிஸ்ட் போதகருமான ஹென்றி லன், 1880களின் பிற்பகுதியில் இந்தியாவில் மிஷனரியாகச் சிலகாலம் பணியாற்றித் திரும்பியபின், பிளவுபட்ட கிறிஸ்தவ சபைகள் மீண்டும் இணையமுடியுமா என்று ஆராய்வதற்காக 1892 முதல் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்ட் சிற்றூரில் மாநாடுகளைக் கூட்டினார். அங்கே ஆங்கிலிக்கன் சபையினரையும் பிற சபையினரையும் ஒன்றாக அழைத்துச்சென்ற ஏற்பாடுகளே வளர்ந்து அவருடைய பயண நிறுவனமாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆங்கிலேயரைக் கூட்டம் கூட்டமாகக் குளிர்கால ஆல்ப்ஸுக்கு அழைத்துச்செல்லலானார். சபைகள் இணையவில்லை, ஆனால் வேறுபட்டவர் ஒரே கூரையின்கீழ் ஒரு வாரம் வாழமுடியும் என்னும் அனுபவம் நிலைத்தது. அதே லன் பின்னர் அமைத்த விளையாட்டுக் கழகம் உயர்குடிப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கும் அத்தகு தகுதியுடையோருக்கும் மட்டுமே கதவு திறந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஒற்றுமையை விரும்புவோர், ஏற்கெனவே தம்மைப்போல் இருப்பவரை மட்டும் சேர்த்துக்கொண்டு அதை எளிதாக அடைய முனைவது எக்காலத்துக்கும் உரிய சோதனை.

ஹென்றி லன்னின் மகன் ஆர்னால்ட் லன் 1888இல் சென்னையில் பிறந்தவர். 1909இல் வேல்ஸ் நாட்டு மலையொன்றில் ஏறும்போது விழுந்து கால் நொறுங்கியதால் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, வாழ்நாள் முழுவதும் அவ்வாறே நடந்தவர். நீண்டகாலம் ஐயவாதியாக இருந்து 1933இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, சமய வாதங்களை எழுதியவர். அவர் 1922இல் மூரன் என்னும் சுவிஸ் சிற்றூரில் நவீன ஸ்லாலம் போட்டியை அமைத்தார். நடப்பட்ட கொடிகளின் வழியே வளைந்து வளைந்து இறங்குவதே ஸ்லாலம். திருப்பங்களின் அழகுக்கு நடுவர் மதிப்பெண் இடும் அதுவரையிலான முறையை விலக்கி, கொடிகளைக் கடந்து கீழே வந்துசேர எடுத்த நேரத்தையே அவர் கணக்கில் கொண்டார். பாதை எல்லோருக்கும் பொது, கடிகாரமும் பொது; எப்படித் திரும்புவது என்பதை அவரவர் உடலே முடிவு செய்யலாம். இரு கால்களும் ஒத்திராத ஒருவர், ஒரே தோரணையை எல்லோர்மீதும் சுமத்தும் அளவுகோலை அகற்றியது கருதத்தக்கது.

பொதுவுக்கும் தனிக்கும் இடையிலான இதே பாகுபாடு பூட்ஸின் அமைப்பிலேயே பதிந்துள்ளது. மலைச்சரிவுக்குரிய வழக்கமான பூட்ஸின் அடிப்பகுதி, அதாவது பிணைப்பானோடு சேரும் முனைகளின் வடிவம், ஐஎஸ்ஓ 5355 என்னும் நெறிமுறைக்குக் கட்டுப்பட்டது. அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தம் விருப்பப்படி தேய்க்கப் பொருத்துநருக்கு உரிமை இல்லை, ஏனெனில் அங்கே ஏற்படும் மாற்றம் பிணைப்பான் விடுபடும் தன்மையையே கெடுத்துவிடும். ஆனால் அந்த அடிக்கு மேலே, ஓட்டின் உள்ளே, ஒவ்வொரு பாதத்துக்கும் தனி வடிவம் செய்துகொள்ள எல்லா வழியும் திறந்திருக்கிறது. இடக்காலுக்கு ஒருவிதமும் வலக்காலுக்கு வேறுவிதமுமாகக்கூட அமைக்கலாம். இணையும் இடத்தில் மாறாத பொதுமை, வாழும் இடத்தில் முழுமையான தனித்தன்மை என்னும் இந்த ஏற்பாடு ஒரு நல்ல சமூகத்துக்கும் உரிய இலக்கணமாகும்.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலில் இதற்குரிய கோட்பாட்டை இரு இடங்களில் வகுத்துள்ளார். பத்துப் பங்கு உணவு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதால் எல்லோருக்கும் ஆறு பங்கு என்று பயிற்சியாளர் விதிக்கமாட்டார், மல்யுத்த வீரன் மைலோவுக்கு அது போதாது, புதியவனுக்கு மிகும் என்று கூறி, பொருளின் நடுவையும் நமக்குரிய நடுவையும் அவர் வேறுபடுத்தினார். பின்னர்ச் சட்டத்தின் பொதுத்தன்மை தனி நிலைகளில் தவறும்போது அதைத் திருத்தும் நேர்மையுணர்வைப் பற்றிப் பேசுகையில், லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர் பயன்படுத்திய ஈயத்தாலான அளவுகோலை எடுத்துக்காட்டினார். அது கல்லின் வளைவுக்கேற்ப வளைந்து அளந்தது. கல்லுக்காக வளைவதால் அது அளவுகோல் என்னும் தகுதியை இழக்கவில்லை, வளைந்ததனாலேயே உண்மையை அளந்தது.

குழுப் பயணத்தைத் திட்டமிடுவோர் இந்த ஈய அளவுகோலைக் கையில் எடுத்தவர் ஆகின்றனர். செலவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது முதற்பார்வைக்கு நீதியாகத் தோன்றும்; ஆனால் பயிற்சிச் சரிவைத் தாண்டாத புதியவரும், 600 கிலோமீட்டர் பாதைகள் கொண்ட பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகள் என்னும் சறுக்குத் தலம் முழுவதும் சுற்றவிருக்கும் தேர்ந்தவரும் ஒரே விலையுள்ள அனுமதிச் சீட்டை வாங்கவேண்டும் என்பது ஒரே புள்ளியில் அழுத்தத்தைக் குவிப்பதாகும். சறுக்காமல் உடன்வருபவர் பகலில் செல்ல இடமுள்ள ஊரைத் தேர்வதும், பூட்ஸ் பொருத்தும் வேலையைக் கூட்டம் நெரியும் முதல்நாள் காலைக்கு விடாமல் முன்கூட்டியே முடிப்பதும், வலி எடுத்தவர் மறுநாள் கடைக்குத் திரும்பிச் சரிசெய்துகொள்ளும் நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குவதும், காலையில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று தரம் பிரிக்கப்பட்ட பாதைகளில் அவரவர் திறனுக்கேற்பப் பிரிந்துசென்று நண்பகலில் குறித்த இடத்தில் கூடுவதும் அழுத்தத்தைப் பரப்பும் வழிகள். கூடும் நேரமும் இடமும் மட்டும் எவருக்காகவும் மாறக்கூடாது. அவைதாம் இங்கே பிணைப்பானோடு சேரும் அடி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதுமே அத்துன்பத்தில் பங்குகொள்கிறது என்று சபையை உடலாக உருவகித்ததும், உரோமையருக்கு எழுதியதில் வலியவர் எளியவரைத் தாங்கவேண்டும் என்று வற்புறுத்தியதும், உறுப்புகள் எல்லாம் ஒன்றுபோல் ஆகவேண்டும் என்பதற்காக அன்று. வேறுபட்டவையாக இருந்தே ஒன்றாய் இருப்பதற்காக.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒவ்வொருவரின் சொல்லுக்கும் செவிசாய்க்கத் தொடங்கினால் முறையீட்டுக்கு எல்லையே இராது, மிகுதியாகக் குறைசொல்பவரே குழுவை ஆள்வார் என்பதே அது. மறுப்பு நியாயமானது, ஆனால் விடையும் பூட்ஸிலேயே உள்ளது. பொருத்துநர் இறுக்கம் என்ற புகார் அனைத்தையும் ஏற்பதில்லை. எல்லாரும் தாங்கவேண்டிய பிடிப்பை ஒருவர் வெறுப்பதற்கும், ஓர் எலும்பு அழுந்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் கேட்டறிகிறார், முன்னதை விளக்கிச்சொல்லி ஏற்கவைக்கிறார், பின்னதைத் திருத்துகிறார். விருப்பக் குறைவும் துன்பமும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்தறிவதற்காகவும் முதலில் கேட்டே ஆகவேண்டும். கேட்காத குழுவுக்கு இவ்விரண்டும் ஒரே முணுமுணுப்பாகவே ஒலிக்கும்.

மௌனத்தின் விலை மலையில் உயிராகவும் இருக்கக்கூடும். அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மக்கேமன், அபாயத்தின் அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் பழகிய இடம் என்னும் நம்பிக்கை, தொடங்கியதை முடிக்கும் பிடிவாதம், பிறர் மதிப்பைப் பெறும் ஆசை, தேர்ந்தவராகக் கருதப்படுபவரைக் கேள்வியின்றிப் பின்தொடர்தல் முதலிய மனப்பழக்கங்கள் மனிதரை அபாயத்துள் இட்டுச்செல்வதை 2000களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். அதனால்தான் செப்பனிடப்பட்ட பாதைகளுக்கு அப்பால் செல்லும் பொறுப்புள்ள குழுக்கள், காரணத்தைச் சரியாக விளக்கமுடியாத ஒருவர்கூட வேண்டாம் என்றால் அச்சரிவில் இறங்குவதில்லை என்று முன்னரே உடன்பட்டுக்கொள்கின்றன. மிகவும் தயங்குபவரின் சொல்லுக்கு மிகவும் தேர்ந்தவரின் சொல்லுக்கு நிகரான எடையைத் தருவது அங்கே பெருந்தன்மை அன்று, அறிவுடைமை.

வலியைச் சொல்வது பலவீனம் என்று கருதப்படும் குழுவில், சொல்லாமல் தாங்குபவரே நல்லவர் என்று போற்றப்படுவார். அவர் தாங்குவதை மற்றவர் அறியாமலேயே பயன்பெறுவர். பொறுமை உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை; ஆனால் பிறர் அறிந்திருந்தால் நீக்கியிருக்கக்கூடிய வலியைப் பொறுப்பது பொறுமையின் தகுதியைப் பெறாது, அது பிறருக்கு அன்பு செய்யும் வாய்ப்பை மறுப்பதாகவே முடியும். ஆகவே சொல்பவர் உரிய காலத்தில், துல்லியமாக, மிகைப்படுத்தாமல் சொல்லவும், கேட்பவர் தம் காலில் வலி இல்லை என்பதை அவர் காலிலும் வலி இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாமல் கேட்கவும் கடமைப்பட்டிருக்கின்றனர். இவ்விரு கடமைகளும் நிறைவேறும் இடத்தில் நீதியும் அன்பும் ஒன்றையொன்று மறுப்பதில்லை: கூடும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே விதியை நீதி காக்கிறது, அந்த விதிக்கு மேலே ஒவ்வொருவரும் வலியின்றி நிற்பதற்கான இடத்தை அன்பு செய்துகொடுக்கிறது. சபைகளை இணைக்க முயல்வோராயினும், நாட்டை ஆள்வோராயினும், ஒரு வாரப் பயணத்துக்குப் பத்துப் பேரைச் சேர்ப்போராயினும், ஒற்றுமையை ஒரே அளவாக எண்ணித் தொடங்கும் முயற்சி முறிந்துபோவதும், ஒவ்வொருவரின் அளவையும் கேட்டுத் தொடங்கும் முயற்சி நிலைத்து நிற்பதும் இதனாலேயே.